கறி கெட்டால் கரியைப் பார்: கடலோரக் கோடை விருந்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மே பிறந்தால் எங்கள் வீட்டில் பாய் மடிக்க நேரமிருக்காது. துபாயிலிருந்து மச்சான் குடும்பம், சென்னையிலிருந்து சித்தப்பா பிள்ளைகள், பரமக்குடியிலிருந்து அயித்தை. எல்லோரும் சேர்ந்த ஒரு சாயங்காலம் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், வேதாளைப் பக்கம் தென்னந்தோப்பில் பார்பிக்யூ போடுவது வழக்கமாகிவிட்டது. முதல் மூன்று வருஷமும் வந்தவர்கள் வயிறு நிறைந்தது அப்பத்தா வடித்த சோற்றாலும் மீன் குழம்பாலும்தான். அடுப்பில் வாட்டியதை நாய்கூட யோசித்துத்தான் தின்றது.

ஒவ்வொரு வருஷமும் மசாலாவை மாற்றினோம். தயிர் கூட்டினோம், இஞ்சி குறைத்தோம், மச்சான் அங்கேயிருந்து பொட்டலம் பொட்டலமாகப் பொடி கொண்டுவந்தார். நாலாவது வருஷம்தான் புத்தி வந்தது. மசாலாவில் ஒரு குறையும் இல்லை. கோளாறு அத்தனையும் நெருப்பில்.

கீழே உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். அதற்கு முன் இரண்டு விஷயம் எல்லோருக்கும் பொது.

ஒன்று, கரியை அடுப்பு முழுக்கப் பரப்பக் கூடாது. ஒரு பாதியில் குவித்து, மறுபாதியை வெறுமையாக விடவேண்டும். கரி இருக்கும் பக்கம் சூட்டுப் பக்கம், இல்லாதது ஆறுதல் பக்கம். பின்னால் வரும் முக்கால்வாசிக் கோளாறுக்கு மருந்தே, கறியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்துவதுதான்.

இரண்டு, உள்ளங்கைச் சோதனை. கம்பிக்கு மேலே அரைச் சாண் உயரத்தில் கையை நீட்டி எண்ணுங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டால் கடுஞ்சூடு. நாலைந்து வரை தாங்கினால் நடுச்சூடு. எட்டு பத்து என்றால் மெல்லிய சூடு. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. மூன்று வருஷமும் வீணடித்த கோழிக்கு நாங்கள் கொடுத்த காசில் பத்து வாங்கியிருக்கலாம்.

கரி பத்த மாட்டேங்குது, பத்தினாலும் அணைஞ்சு போகுது

கடற்கரையில் வைத்த கரிமூட்டை காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். கையில் எடுத்தால் காய்ந்த மாதிரிதான் தெரியும். விருந்தன்று காலையிலேயே தார்ப்பாயில் கொட்டி அரைநாள் வெயிலில் காய விடுங்கள்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டாம், அந்த வாடை கடைசி மீன் வரைக்கும் போகாது. பெட்ரோல் பக்கமே போகக் கூடாது, அதன் ஆவி குப்பென்று பிடித்து முகத்துக்கு வரும். பழைய பதினைந்து கிலோ எண்ணெய் டின்னின் மேல் மூடியை வெட்டிவிட்டு, அடியிலும் பக்கவாட்டிலும் ஆணியால் ஓட்டை போடுங்கள். மூன்று கல் மேல் நிறுத்தி, அடியில் காய்ந்த பன்னாடையையும் கசக்கிய பேப்பரையும் திணித்து, மேலே கரியை நிரப்பிக் கீழிருந்து கொளுத்துங்கள். சூடு மேலே ஏறும்போது கரி தானாகப் பிடித்துக்கொள்ளும். இருபது நிமிஷம் போல ஆகும். கரித்துண்டின் மேல் வெள்ளைச் சாம்பல் படர்ந்தபிறகுதான் அடுப்பில் கொட்ட வேண்டும். கறுப்பாக இருக்கும்போதே கறியை வைக்கும் அவசரம்தான் எங்கள் முதல் வருஷத் தப்பு.

நன்றாக எரிந்துகொண்டிருந்தது நடுவில் மங்கினால் அடிச் சாம்பலைப் பாருங்கள். காற்றுத் துளை அடைத்திருக்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டால் போதும்.

புகை கண்ணைக் கரிக்குது, கறி கசக்குது

நம்ம மாவட்டத்தில் கிடைக்கும் கரி பெரும்பாலும் சீமைக் கருவேலங் கரி. விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் மூடி, காற்றை அடைத்து உள்ளே கனன்று வேகவிடும் மூட்டக் கரி. நல்ல கரிதான். ஆனால் மூட்டத்தின் ஓரத்தில் இருந்த கட்டைகள் அரைகுறையாக வெந்திருக்கும், அவையும் மூட்டைக்குள் வந்துவிடும். அவற்றை அடுப்பில் போட்டால் விறகு எரிகிற மாதிரித்தான் புகையும்.

கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். நல்ல கரி கணீரென்று ஓட்டுத்துண்டு மாதிரிச் சத்தம் கொடுக்கும், உடைத்தால் உள்ளே பளபளக்கும். வேகாத கட்டை கனமாக இருக்கும், சத்தம் மொத்தென்று வரும், உள்ளே காபிக் கொட்டை நிறம். இதைப் பொறுக்க சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவேன். அரைமணி நேரம் சத்தம் போடாமல் இருப்பார்கள், மூட்டையும் சுத்தமாகிவிடும்.

ஒரு வேடிக்கை உண்டு. டெக்சாஸ்காரர்கள் பார்பிக்யூவுக்கு மெஸ்கீட் மெஸ்கீட் என்று உருகுகிறார்களே, அந்த மரமும் நம் கண்மாய் கரையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலமும் ஒரே இனத்துப் பங்காளிகள். இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மச்சான் இதைக் கேட்டுவிட்டு சீமைக் கருவேலத்தைப் பச்சையாகவே வெட்டி அடுப்பில் போட்டார். அந்த இனத்து விறகுப் புகைக்கு வீரியம் அதிகம். கொஞ்ச நேரம் பட்டால் மணம், நெடுநேரம் பட்டால் கசப்பு. பச்சை விறகு என்றால் கேட்கவே வேண்டாம். புகை மணம் வேண்டுமென்றால் நன்றாகக் காய்ந்த கட்டை ஒன்று, கைப்பிடி அளவுக்கு, போதும். புகை நீலமாக மெலிசாகப் போனால் சரி. வெள்ளையாகத் திரண்டு உருண்டால் கறியை இறக்கி வைத்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருங்கள்.

கருவேலங் கரிக்கு இன்னொரு குணம், பொரிந்து பொறி தெறிக்கும். ஈரம் இருந்தால் இன்னும் மோசம். ஓலைக் கொட்டகைக்குக் கீழேயும், காய்ந்த மட்டை கிடக்கும் தென்னை, பனைக்குப் பக்கத்திலும் அடுப்பை வைக்காதீர்கள். மே மாதத்துப் பனையோலைக்கு ஒரு பொறி தாராளம்.

ஒரு பக்கம் தீயுது, மறுபக்கம் அப்படியே கிடக்கு

இது காற்று வேலை. கோடையில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அடுப்பு நிற்காது. காற்று படும் ஓரத்துக் கரி உலைத்துருத்தி ஊதினது மாதிரிச் சிவந்து, அரைமணியில் சாம்பலாகிவிடும். அந்த நாட்களில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் அமைதியாக இருக்கும், முடிந்தால் அங்கே போய்விடுங்கள். முடியாவிட்டால் காற்று வரும் திசையில் நாலடி தள்ளி ஒரு தகரத் தடுப்பு. ஓலைத் தட்டி வேண்டாம், காரணம் மேலே சொல்லியாகிவிட்டது. டிரம் அடுப்பென்றால் காற்றுத் துளை காற்றுக்கு நேராக இல்லாதபடி திருப்பி வையுங்கள்.

காற்று தாங்கவில்லையென்று அடுப்பைத் தூக்கி வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகைக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. ஆள் மயங்கியபிறகுதான் தெரியும்.

படகெடுத்துக்கொண்டு எதிர்த் தீவில் போய்ச் சுடலாமென்று ஒவ்வொரு வருஷமும் ஒருத்தன் யோசனை சொல்வான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது, அடுப்பு வைப்பது எங்கே?

வெளியே கருகிடுச்சு, எலும்புகிட்ட ரத்தம்

அதிகம் கேட்கிற புகார் இது. கோழித் தொடை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மசாலா தடவிய தொடைகளை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சிவந்த கரிக்கு நேர் மேலே அடுக்கினோம். ஐந்து நிமிஷத்தில் அருமையான நிறம். எட்டில் கறுப்பு. எடுத்து அயித்தை தட்டில் வைத்தோம். அவர் ஒரு கடி கடித்து, எலும்பைத் திருப்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கீழே வைத்தார். அந்த மௌனம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கடுஞ்சூட்டில் தோலும் மசாலாவும் கருகும் வேகத்துக்கு, உள்ளே எலும்பு வரைக்கும் சூடு போய்ச் சேராது. கறி ஜில்லென்று இருந்தால் இன்னும் தாமதம். ஆகவே வரிசையை மாற்றுங்கள். தொடையின் சதை கனமாக இருக்கும் இடத்தில் எலும்பைத் தொடும்படி இரண்டு கீறல் போடுங்கள். முதலில் ஆறுதல் பக்கம் வைத்து மூடி போட்டு வேகவிடுங்கள். அடுப்புக்கு மூடி இல்லையென்றால் பெரிய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து வைத்தால் போதும், நாங்கள் அன்னக்கூடையைத்தான் கவிழ்க்கிறோம். இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து நிமிஷம், நடுவில் ஒரு தடவை திருப்பல். கடைசி மூன்று நான்கு நிமிஷம் சூட்டுப் பக்கம் கொண்டுவந்து தோலை மொறுமொறுப்பாக்குங்கள்.

கோழிக்கு உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்தால் பயமில்லை. தொடைக்கு 80-ஐத் தாண்டினால்தான் சவ்வு இளகி ருசி வரும். தெர்மாமீட்டர் முனை எலும்பில் படக்கூடாது, பட்டால் தப்பான கணக்குக் காட்டும். எலும்பையொட்டிக் கொஞ்சம் சிவப்பு தெரிவதை மட்டும் வைத்து வேகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறம் கசிந்து, வெந்தபிறகும் அப்படியே நிற்கும். டிகிரியை நம்புங்கள்.

ஏற்கெனவே கருகிவிட்டதா? கருகிய தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆறுதல் பக்கம் வைத்து மூடுங்கள். கால்மணியில் உள்ளே வெந்துவிடும். நிறம் போனது போனதுதான். மேலே எலுமிச்சையும் நறுக்கிய வெங்காயமும் தூவி நீட்டுங்கள், இருட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது.

திடீர்னு தீ மேலே பாயுது

தோலின் கொழுப்பும் மசாலாவிலிருக்கும் எண்ணெயும் கரியில் சொட்டுகிறது. தண்ணீர் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தெளித்தால் சாம்பல் கிளம்பிக் கறியில் ஒட்டும், ஆவி கையைச் சுடும். கறியை நகர்த்துங்கள், மூடியைப் போடுங்கள், காற்றில்லாமல் தீ தானே அடங்கும். அடுத்த தடவை மசாலாவில் எண்ணெய் பாதி போதும்.

மீன் கம்பியிலேயே ஒட்டிக்கிட்டு வருது

கோடை விருந்துக்கு மீன் வாங்குவதே ஒரு கணக்கு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகிலும் வத்தையிலும் வருவதுதான் புது மீன். மற்றபடி ஐஸில் கிடந்ததுதான், அதன் சதை இளகியிருக்கும், கம்பியில் வைத்தால் உதிரும். கண் தெளிந்து, செவுள் சிவந்து, அழுத்தினால் பள்ளம் விழாத மீனாகப் பார்த்து வாங்குங்கள். விளமீன், பாறை, சங்கரா மூன்றும் வாட்டுவதற்கு நல்லது. முக்கால் கிலோவுக்கு மேற்பட்ட மீனை முழுசாக வைக்காமல் துண்டம் போடுவது உத்தமம்.

ஒட்டுவதற்குக் காரணம் மூன்றில் ஒன்று: மீன் ஈரமாக இருந்தது, கம்பி ஆறியிருந்தது, அல்லது நீங்கள் அவசரப்பட்டுத் திருப்பினீர்கள்.

கழுவிய மீனில் உப்பைத் தடவிப் பத்து நிமிஷம் வைத்தால் தண்ணீர் விடும். அதைத் துணியால் ஒற்றி எடுங்கள், செதில் இருந்த தோல் காகிதம் மாதிரிக் காயவேண்டும். அதன்பிறகு மசாலா, அதற்கு மேல் மெல்லிய எண்ணெய். எண்ணெயைக் கம்பிக்குப் பூசாதீர்கள், மீனுக்குப் பூசுங்கள். கம்பியைப் பத்து நிமிஷம் காயவிட்டு, பழைய எச்சத்தைச் சுரண்டிவிட்டு வையுங்கள். வைத்தபின் தொடாதீர்கள். தோல் மொறுமொறுப்பானதும் கம்பி தானாக மீனை விட்டுவிடும். ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது பிடித்தால், இன்னும் ஒரு நிமிஷம். கத்தியால் சுரண்டி எடுக்கிற மீன் இன்னும் பக்குவமாகாத மீன்.

நேரக் கணக்கு: ஒரு அங்குலக் கனத்துக்கு மொத்தம் பத்து நிமிஷம். உள்ளே 63 டிகிரி, அல்லது முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி இல்லாமல் வெள்ளையாகி இதழ் இதழாகப் பிரியவேண்டும்.

கம்பியில் வைப்பதற்கு முன்பே மீன் கொழகொழவென்று இருந்தால் புளியிலோ எலுமிச்சையிலோ மணிக்கணக்கில் ஊறவிட்டிருப்பீர்கள். புளிப்பு சதையைப் பச்சையாகவே வேகவைத்துவிடும். அரைமணிக்கு மேல் வேண்டாம். அப்படி ஆகிவிட்ட மீனை வாழை இலையில் சுற்றி வாட்டிவிடுங்கள், உதிர்ந்தாலும் இலைக்குள்தானே உதிரும்.

கணவாய் ரப்பர், இறால் கல்லு

கணவாய்க்கு ஒரே விதி. கடுஞ்சூட்டில் பக்கத்துக்கு ஒரு நிமிஷம், அல்லது குழம்பில் அரைமணிக்கு மேல். நடுவில் நின்றால் செருப்புத்தான். கரியடுப்பில் முதல் வழி மட்டுமே நடக்கும், அதனால் கணவாயைச் சாப்பிட ஆள் உட்கார்ந்தபிறகுதான் வைக்கவேண்டும். இறால் பிறை மாதிரி வளைந்தால் இறக்குங்கள், வாலும் தலையும் முட்டி வட்டமானால் தாமதமாகிவிட்டது. குச்சியில் சுற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு குச்சியாகச் செருகுங்கள். மூங்கில் குச்சியை அரைமணி தண்ணீரில் போட்டால் சீக்கிரம் எரியாது.

சோளம் காய்ந்து கட்டையாகிறதா? தோலை உரிக்காமல் வையுங்கள். அவ்வளவுதான்.

கபாப் கம்பியை விட்டுக் கீழே விழுது

கொத்துக்கறியில் வெங்காயத் தண்ணீர் நிற்கிறது. வெங்காயத்தை நறுக்கி உப்பிட்டுப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கவேண்டும், வெறும் சதை பிடிக்காது. பிசைந்து ஒரு மணி நேரம் ஐஸில் வைத்தபின் தட்டையான இரும்புக் கம்பியில் பிடியுங்கள். கொத்துக்கறிக்கு உள்ளே 71 டிகிரி.

சாஸ் தடவினேன், கசக்குது

அமெரிக்க முறை சாஸிலேயே பல சாதி உண்டு. கான்சாஸ் சிட்டிக்காரர்கள் தக்காளியும் கரும்புப்பாகும் போட்டுக் கெட்டியாக வைப்பார்கள். வடக்குக் கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினிகரும் மிளகாயும் மட்டும், தண்ணியாக. முதல் வகையைத் தொடக்கத்திலேயே தடவினால் இனிப்பு கருகாமல் என்ன செய்யும்? கடைசி ஐந்து நிமிஷத்தில், ஆறுதல் பக்கத்தில், இரண்டு தடவையாகத் தடவுங்கள்.

நாங்கள் இப்போது கடை சாஸ் வாங்குவதில்லை. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, கெட்டிப் புளி, பூண்டு, வறுத்துப் பொடித்த முண்டு மிளகாய், கல்லுப்பு சேர்த்துச் சுண்ட வைத்தால் தேன் பதத்தில் வரும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு நிறமும் உண்டு, உறைப்பும் நிதானம். மிளகாய்ப் பொடியும் நேர்ச்சூட்டில் கருகித்தான் கசக்கும், ஆகவே கருப்பட்டிக்குச் சொன்ன நேரமேதான் அதற்கும்.

உப்பு கூடிவிட்டதென்றால் கரண்டி அளவைச் சந்தேகப்படுங்கள். ஒரு கரண்டி கல்லுப்பும் ஒரு கரண்டி தூளுப்பும் எடை ஒன்றில்லை, தூள்தான் அதிகம் பிடிக்கும். கிலோ கறிக்குப் பதினைந்து கிராம் என்று நிறுத்துப் போடுவது நிம்மதி.

ஆட்டுக்கறி மெல்ல முடியலை. நெஞ்சுக்கறி ஆறு மணி நேரமாகியும் வேகலை

இரண்டும் ஒரே வியாதி. சவ்வு நிறைந்த கறியை அவசரமாகச் சுட்டால் அது இறுகும். சவ்வு இளகிக் கூழாவதற்குச் சூட்டை விட நேரம்தான் அதிகம் வேண்டும்.

மச்சான் போன வருஷம் டெக்சாஸ் முறையில் ஐந்து கிலோ மாட்டு நெஞ்சுக்கறி வைத்தார். காலை ஆறுக்குத் தொடங்கி மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காக ஏறியது. 68 டிகிரியில் நின்றது பாருங்கள், இரண்டு மணி நேரம் அசையவேயில்லை. பதறிப்போய் ஒரு கூடைக் கரியைக் கொட்டினார். சாயங்காலம் கிடைத்தது வெளியே தோல், உள்ளே கயிறு.

அது நிற்பது இயல்பு. கறியின் மேலிருந்து ஈரம் ஆவியாகும்போது, நாம் வேர்த்தால் உடம்பு குளிர்கிற மாதிரிக் கறியும் குளிர்கிறது. 65-க்கும் 75-க்கும் நடுவில் எங்காவது இப்படி முரண்டு பிடிக்கும். கரி கொட்டாதீர்கள். வாழை இலையில் சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தாளில் இறுக்கிக் கட்டி மறுபடி வையுங்கள். ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் சூடு ஏறும். அடுப்பு 110-லிருந்து 130-க்குள், கறி உள்ளே 95 போல வந்து, கம்பி குத்தினால் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கவேண்டும். இறக்கி ஒரு மணி நேரமாவது சும்மா வைத்துவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை. சாயங்கால விருந்துக்கு முந்தைய ராத்திரியே தொடங்க மனசிருந்தால் மட்டும் இறங்குங்கள்.

ஆட்டுக்கறிக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. பப்பாளிக் காய் விழுது கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு மணி நேரம். ராத்திரி முழுக்க விட்டால் மாவாகிவிடும். முற்றின கிடாயென்றால் பானையில் முக்கால் வேக்காடு வேகவைத்து, அந்தத் தண்ணீரையே சுண்டவைத்துத் தடவி, கரியில் கடைசிப் பத்து நிமிஷம் வாட்டுங்கள். இது பார்பிக்யூவே இல்லையென்று மச்சான் சண்டைக்கு வருவார். தட்டு காலியாவதைப் பார்த்துவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

எல்லாம் நல்லா இருந்துச்சு, மறுநாள் வயித்தால போச்சு

நம்ம ஊர் மே மாத வெயிலில் பச்சைக் கறியோ வெந்த கறியோ ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமி பெருகும், நம் தோப்பு நிழல் அதற்கு நடுவில்தான் இருக்கிறது. ஒரு பெட்டி ஐஸில் கறி, இன்னொன்றில் நுங்கும் தண்ணீரும். ஒரே பெட்டியென்றால் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறப்பார்கள். பச்சைக் கறி கொண்டுவந்த தட்டில் வெந்ததை வைக்காதீர்கள். ஊறவைத்த மசாலா மீதியை மேலே ஊற்றுவதென்றால் கொதிக்கவைத்த பிறகுதான்.

கம்பி வலை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வேலிக்கு விற்கிற துத்தநாகம் பூசிய வலையைச் சூட்டில் வைத்தால் நச்சுப் புகை வரும். துருப்பிடிக்காத எஃகு அல்லது வெறும் இரும்பு. டிரம்மும் ரசாயனம் வந்ததாக இருக்கக் கூடாது. புது டிரம்மென்றால் பெயின்ட் போகும்வரை ஒரு தடவை வெறுமனே எரித்துவிடுங்கள்.

முடிஞ்சுது, கரியை என்ன செய்யறது?

மணலைத் தள்ளி மூடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். மணல் நெருப்பை அணைக்காது, பொத்தி வைத்துக் காப்பாற்றும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் விடியற்காலை சித்தப்பா பேத்தி சிப்பி பொறுக்க ஓடி, அந்த இடத்தில் கால் வைத்தாள். இரண்டு வாரம் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

டிரம் அடுப்பென்றால் மூடியையும் காற்றுத் துளைகளையும் அடைத்து விடியும்வரை விட்டுவிடலாம், மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். தரையில் குழிவெட்டிப் போட்டிருந்தால், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, குடம் குடமாகக் கடல் தண்ணீர் ஊற்றுங்கள். மண்வெட்டியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடு தெரியாமல் இருக்கவேண்டும். எங்கள் குழிக்கு நாலு குடம் பிடிக்கிறது. ஐந்தாவது குடத்தை அயித்தையே கொண்டுவந்து ஊற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்.